பழைய ஸ்கூல் பில்டிங்கை காப்பாத்துறது எப்படி? வடசென்னைக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ஜார்ஜ் டவுன்னு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பழைய ஸ்கூல் பில்டிங் கண்ணுல பட்டுடும், உசரமான ஜன்னல், ரெண்டடி தடிப்புக்கு சுவரு, கைப்பிடிச் சுவருல முளைச்ச அரசங்கன்னு. அதுல படிச்சவங்க வாட்ஸப் குரூப் ஆரம்பிப்பாங்க, நூற்றாண்டு மலர் போடுவாங்க, காசு வசூல் பண்ணி முன்பக்கத்துக்கு மட்டும் பளபளன்னு பெயிண்ட் அடிப்பாங்க, ரெண்டு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள அந்தப் பெயிண்ட் பொரிஞ்சு கொட்டிடும். அப்புறம் யாராவது ஒருத்தர் "பில்டிங் வீக் ஆயிடுச்சு, இடிச்சுட்டு புதுசா கட்டிடலாம்"னு சொல்லுவாரு, எதுத்துப் பேச யார் கையிலயும் ஒரு பேப்பர் கூட இருக்காது.

ஒரு பழைய ஸ்கூல் நிக்கறதும் போறதும் பெரும்பாலும் ரெண்டே விஷயத்துலதான் இருக்கு. மாடியில தண்ணி நிக்குதா, கையில ரெக்கார்டு இருக்கா. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான், அதனால இந்த கைடும் அந்த ரெண்டுலதான் ரொம்ப நேரம் நிக்கும்.

ஸ்டெப் 1: இது யாரோட பில்டிங்?

கேக்க சின்ன கேள்விதான், ஆனா இதுக்கு பதில் தெரியாம ஒரு அடி கூட வெக்க முடியாது. வடசென்னையில பழைய ஸ்கூல்ங்க பல வகை. மிஷன்காரங்க ஆரம்பிச்சு இன்னிக்கு எய்டட்டா, அதாவது அரசு மானியத்துல ஓடறது, செட்டியார் முதலியார் டிரஸ்ட் நடத்துறது, கார்ப்பரேஷன் ஸ்கூல், அப்புறம் 1920-கள்ல லேபர் டிபார்ட்மென்ட் தாழ்த்தப்பட்ட மக்களோட பிள்ளைங்களுக்காக நடத்துன ஸ்கூல்ங்க, பெரியவங்க வாயில இன்னிக்கும் "லேபர் ஸ்கூல்"தான், இன்னிக்கு அந்த மாதிரி ஸ்கூல் ஆதிதிராவிடர் நலத்துறையில இருக்கும். வகை மாறினா பேப்பர் இருக்கற ஆபீஸும் மாறும், பர்மிஷன் குடுக்க வேண்டிய ஆளும் மாறுவாரு.

திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் பக்கத்து ஸ்கூல்னா இன்னொரு சிக்கல் இருக்கு. இதெல்லாம் சென்னை கார்ப்பரேஷன்ல சேர்ந்ததே 2011-லதான். அதுக்கு முன்னாடி தனி நகராட்சி, அதுக்கும் முன்னாடி செங்கல்பட்டு ஜில்லா. அதனால கார்ப்பரேஷன் தலைமை ஆபீஸான ரிப்பன் பில்டிங்குல போய் 1930-ஆம் வருஷ ஃபைல் குடுங்கன்னு கேட்டா வேலைக்கு ஆவாது, அந்த காலத்து கடிதங்கள் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

நிலத்துக்கு டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) எடுத்து யார் பேருல இருக்குன்னு பாருங்க, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. நிறைய இடத்துல ஸ்கூல் நடத்துற சொசைட்டி ஒண்ணு, நிலத்துக்கு சொந்தமான டிரஸ்ட் வேற ஒண்ணுன்னு இருக்கும். நாளைக்கு பில்டரு வந்து நிக்கும்போது கதை எங்க திரும்பும்ங்கறது இதுலயே தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 2: பேப்பர் வேட்டை

இதை ஸ்கூல் பீரோவுலயே ஆரம்பிங்க, ஆர்க்கைவ்ஸுக்கு ஓடாதீங்க. அட்மிஷன் ரெஜிஸ்டர் நிரந்தரமா வெச்சிருக்க வேண்டிய ரெக்கார்டு, அதனால மத்தது போனாலும் இது இருக்கும், கரையான் விட்டு வெச்சிருந்தா. அதுல அப்பா என்ன தொழில்ங்கற வரிசையைப் பாருங்க. கூலி, மீன்பிடி, ஹார்பர், ரயில்வே, மில்லுன்னு வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை மாறிட்டே வரும், அந்தத் தெருவோட நூறு வருஷ சரித்திரமே அந்த ஒரு வரிசையில இருக்கு. என்னைக் கேட்டா நூற்றாண்டு மலர்ல தலைவர்கள் வாழ்த்துச் செய்தி போடுற பக்கத்துல இதைப் போடலாம்.

அடுத்தது லாக் புக், இன்ஸ்பெக்டர் வந்து போனா எழுதிட்டுப் போற நோட்டு. "வடக்கு வகுப்பறையில் கூரை ஒழுகுகிறது"ன்னு அதுல எழுதியிருந்தா வெறும் குறிப்புன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க, அந்த ரூம் எப்ப இருந்தது, கூரை எந்த வகை, எந்த வருஷத்துல இருந்து ஒழுகுதுன்னு ஒரே வரியில மூணு தகவல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன்காரங்களோட எம்டன் கப்பல் குண்டு போட்டப்ப எண்ணெய் டாங்கி எரிஞ்சு ஊரே பயந்து வெளியூருக்கு ஓடுச்சு, 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வரான்னு சொல்லி மெட்ராஸ் பாதி காலி ஆச்சு. அந்த மாசங்களோட அட்டெண்டன்ஸ் கிடைச்சா எடுத்துப் பாருங்க, எவ்வளவு பேர் வந்தாங்க, எப்ப திரும்பினாங்கன்னு உங்க தெரு அளவுல தெரியும், எந்த புக்குலயும் இது இருக்காது.

ஸ்கூலுக்கு வெளியேன்னா எழும்பூர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பெரிய சுரங்கம். 1854-ல வுட்ஸ் டிஸ்பாட்ச்ங்கற கல்வி அறிக்கை வந்த பிறகு தனியார் ஸ்கூலுக்கு அரசு மானியம் குடுக்கற வழக்கம் வந்துச்சு, மானியம்னு வந்தாலே கடிதம், கணக்கு, இன்ஸ்பெக்ஷன் எல்லாம் வரும், அந்தக் கடிதங்கள்லதான் பில்டிங் மானியம் பத்தின பேச்சும் இருக்கும். போறதுக்கு முன்னாடி பழைய பேரெல்லாம் ஒரு லிஸ்டா எழுதிட்டுப் போங்க. பிரகாசம் சாலை அன்னிக்கு பாப்ஹாம்ஸ் பிராட்வே, ராஜாஜி சாலை ஃபர்ஸ்ட் லைன் பீச், என்.எஸ்.சி. போஸ் ரோடு சைனா பஜார் ரோடு, ஜார்ஜ் டவுனே பிளாக் டவுன். இன்னிக்குப் பேரை வெச்சு இண்டெக்ஸ்ல தேடுனா ஒண்ணும் மாட்டாது. கன்னிமாரா லைப்ரரியையும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தையும் விட்றாதீங்க, பழைய பத்திரிகைகள்ல ஸ்கூல் ஆண்டு விழா செய்தி, அடிக்கல் நாட்டு விழா செய்தியெல்லாம் மாட்டும்.

அரசு ஆபீஸ்ல "ஃபைல் இல்ல சார்"னு சொன்னா சண்டை போடாம ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்க. பத்து ரூபாதான், 30 நாள்ல பதில் சொல்லியாகணும். "இந்த ஸ்கூல் பத்தின எல்லா விவரமும் வேணும்"னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். எந்த வருஷம், எந்த அங்கீகார ஆணை, கட்டிட உரிமம் நகல், கடைசி ஸ்திரத்தன்மை சான்றுன்னு தனித்தனியா கேளுங்க.

கிடைச்சதையெல்லாம் ஸ்கேன் பண்ணும்போது புக்கை மடக்கி அமுக்காதீங்க, பழைய பைண்டிங் பிஞ்சுடும். மேல இருந்து போட்டோ எடுத்தாலே போதும். ஒரு காப்பி ஸ்கூல்ல, ஒண்ணு வெளியில ஒருத்தர்கிட்ட. ஒரிஜினலை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, எவ்வளவு பெரிய ஓல்ட் ஸ்டூடண்டா இருந்தாலும்.

ஸ்டெப் 3: பில்டிங்கையே படிங்க

ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷம் வேற, பில்டிங் கட்டின வருஷம் வேற. இதை எல்லாரும் குழப்பிக்கறாங்க. பச்சையப்பா ஸ்கூலையே எடுத்துக்கோங்க, 1842-ல பிராட்வேல ஒரு இடத்துல ஆரம்பிச்சாங்க, பாரிமுனை பக்கம் இன்னிக்கும் கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வெச்சு நிக்குதே அந்த பச்சையப்பா ஹால், அது திறந்தது 1850-ல. ஜான் ஆண்டர்சன் 1837-ல ஜார்ஜ் டவுன்ல ஆரம்பிச்ச ஸ்கூல்தான் பின்னாடி மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் ஆச்சு, அது 1937-ல தாம்பரத்துக்கே போயிடுச்சு. ஸ்கூல் நகரும், பில்டிங் நகராது. உங்க போர்டுல "நிறுவப்பட்டது"ன்னு போட்டிருக்கற வருஷத்தை பில்டிங்குக்கு ஒட்ட வெக்காதீங்க.

அப்புறம் வயசை எப்படி கண்டுபிடிக்கறது? மேல பாருங்க. கூரைதான் முதல் சாட்சி. தேக்கு உத்திரம் வரிசையா போட்டு, அதுக்கு மேல சின்னச் சின்ன மெல்லிசு செங்கல்லை நிமித்தி சாய்வா அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், மேல தட்டோடுன்னு இருந்தா அதான் மெட்ராஸ் டெரஸ். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு கட்டையால நாள்கணக்கா தட்டித் தட்டி இறுக்கின தளம் அது. மரத்துக்கு பதிலா இரும்பு பீம் போட்டு நடுவுல செங்கல் வளைவு இருந்தா பெரும்பாலும் அதுக்குப் பிந்தின வேலை. அந்த பீம்ல பெயிண்டை லேசா சுரண்டிப் பாருங்க, கம்பெனி பேர் பொடைப்பா அடிச்சிருக்கும். டார்மன் லாங்னு இருந்தா இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்தது. டாட்டான்னு இருந்தா அந்த ஆலையில ஸ்டீல் வர ஆரம்பிச்சதே 1912-லதான், அதுக்கு முன்னாடி அந்தக் கூரை இருந்திருக்க வாய்ப்பே இல்ல.

ஓடு போட்ட கூரைன்னா ஒரு ஓட்டைத் திருப்பி அதுல இருக்கற கம்பெனி முத்திரையைப் பாருங்க. பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சது 1865. முதல் உலகப் போருக்கு அப்புறம் அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறுச்சு, முத்திரையும் மாறுச்சு. ஆனா ஒரு எச்சரிக்கை, ஓடு மாத்திக்கிட்டே இருப்பாங்க, அதனால ஓட்டு முத்திரை சில நேரம் ரிப்பேர் வருஷத்தைத்தான் சொல்லும். பீம், உத்திரம், செங்கல் சைஸ், கல்வெட்டு, பேப்பர்னு நாலஞ்சு சாட்சி ஒத்துப்போனாதான் வருஷத்தை எழுதணும். இல்லன்னா "20-ஆம் நூற்றாண்டு தொடக்கம்"னு எழுதுங்க, ஒண்ணும் குறைஞ்சுடாது.

ஸ்டெப் 4: பெரியவங்களைப் பேச வெக்கறது

"ஸ்கூல் பத்தி சொல்லுங்க ஐயா"ன்னு கேட்டா "அந்த காலத்துல வாத்தியாருங்கன்னா தெய்வம்"னு ஆரம்பிச்சு அங்கயே முடிச்சுடுவாங்க. இடத்தைப் பத்தி கேளுங்க. தண்ணி எங்க குடிச்சீங்க, கக்கூஸ் எந்தப் பக்கம் இருந்தது, மழை பெஞ்சா எந்த ரூமுக்கு மாத்துவாங்க, பொம்பளைப் பிள்ளைங்க எந்த வழியா வருவாங்க, யார் யார் எங்க உக்காரணும்னு இருந்தது. கடைசி கேள்விக்கு சில பேர் சட்டுனு பேச்சை நிறுத்திடுவாங்க, வற்புறுத்தாதீங்க, ஆனா கேக்காம விட்டுட்டு எழுதற சரித்திரம் பாதி சரித்திரம்தான். மத்தியான சாப்பாட்டைப் பத்தியும் கேளுங்க. சர் பிட்டி தியாகராயர் தலைவரா இருந்தப்ப 1920-ல கார்ப்பரேஷன் ஆயிரம் விளக்குல ஒரு ஸ்கூல்ல பசங்களுக்கு டிபன் குடுக்க ஆரம்பிச்சாங்க, அவர் வண்ணாரப்பேட்டைக்காரர், நம்ம ஆளு.

மாஜி வாட்ச்மேன், ஆயாம்மா இவங்களைத்தான் முதல்ல பிடிக்கணும், எச்.எம்.மை விட அவங்களுக்குத்தான் எந்த சுவரு எப்ப வெடிச்சதுன்னு தெரியும்.

ஸ்டெப் 5: பசங்க உள்ள இருக்கலாமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிட்டு பாரம்பரியம்னு பேசறவங்களை எனக்குப் பிடிக்காது. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல ஸ்கூல் தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க செத்தாங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஸ்கூல் டாய்லெட் சுவரு இடிஞ்சு மூணு பசங்க செத்தாங்க, அதுக்கப்புறம் மாநிலம் முழுக்க பழைய ஸ்கூல் பில்டிங்குகளை செக் பண்ணி மோசமானதை இடிச்சாங்க. அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா பழசுங்கறதும் பலவீனம்ங்கறதும் ஒண்ணு இல்ல, அதைப் பிரிச்சுச் சொல்ல சரியான இன்ஜினியர் வேணும்.

புது அபார்ட்மென்ட் மட்டும் கட்டிப் பழகின இன்ஜினியரைக் கூப்பிட்டா கம்பியும் இல்ல கான்கிரீட்டும் இல்லன்னு பாத்துட்டு வீக்குன்னு எழுதிடுவாரு. சுண்ணாம்பு, மரம், செங்கல்ல வேலை பாத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேளுங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பாரம்பரிய கட்டிடங்களோட பாதுகாப்புக்குன்னே தேசிய மையம் இருக்கு, பாரம்பரியத்தைக் காக்கற இன்டாக் அமைப்போட சென்னை கிளை இருக்கு, பி.டபிள்யூ.டி.யிலயும் பழைய கட்டிடங்களைச் சீரமைக்கற பிரிவு இருக்கு. இவங்ககிட்ட யாரைப் பிடிக்கலாம்னு கேட்டாலே வழி கிடைக்கும்.

அவர் வரதுக்கு முன்னாடி நீங்களே செய்யக்கூடியது, விரிசல் கணக்கு. ஒவ்வொரு விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதுங்க, குறுக்க ஒரு சின்ன கண்ணாடித் துண்டை பசை வெச்சு ஒட்டுங்க. கண்ணாடி உடைஞ்சா விரிசல் இன்னும் ஓடுது. உடையலன்னா அது என்னிக்கோ வந்து நின்னுபோன விரிசல். ஒரு மழைக்காலம் ஒரு வெயில்காலம் தாண்டின கணக்கு கையில இருந்தா இன்ஜினியருக்கு அது தங்கம். உத்திரம் சுவருக்குள்ள போற முனையை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, நடுவுல இரும்பு மாதிரி இருக்கும், முனைதான் ஓதத்துல (சுவரு ஈரத்துல) மக்கியிருக்கும். குத்தினது உள்ள இறங்குச்சுன்னா அந்த ரூமை அன்னிக்கே பூட்டுங்க, முட்டு குடுத்துட்டு அப்புறம் பேசலாம்.

ஸ்டெப் 6: தண்ணி, தண்ணி, தண்ணி

வேற எதையும் படிக்காம விட்டாலும் இதைப் படிங்க. அம்பதாயிரம் ரூபா கையில இருந்தா அதை பெயிண்டுக்குப் போடாம மாடிக்குப் போடுங்க.

மாடியில தண்ணி போற வாய் எத்தனை, எத்தனை அடைச்சிருக்குன்னு எண்ணுங்க. பந்து, காக்கா கொண்டு வந்து போட்ட எலும்பு, தீபாவளி பட்டாசுப் பேப்பர், இதான் நூறு வருஷ பில்டிங்கை சாய்க்குது. அடுத்து சின்டெக்ஸ் டாங்க். ஆயிரம் லிட்டர் டாங்க்னா தண்ணி மட்டும் ஒரு டன், அதை மெட்ராஸ் டெரஸ் நடுவுல வெச்சிருப்பாங்க, அது எப்பவும் சொட்டிக்கிட்டே வேற இருக்கும். தனியா ஒரு ஸ்டாண்டு கட்டி கீழ இறக்குங்க. புது டாய்லெட்டை பழைய சுவரோட ஒட்டிக் கட்டறதையும் எப்படியாவது தடுங்க.

அரசங்கன்னு, ஆலங்கன்னு முளைச்சிருந்தா கையால பிடுங்காதீங்க. மேல வரது வெறும் தழை, வேர் உள்ள இருந்து மறுபடி வரும். தண்டை வெட்டிட்டு வெட்டுன இடத்துல உடனே மருந்து தடவி வேர் செத்த பிறகு அந்தப் பகுதி கல்லை எடுத்து வேரை உருவி சுண்ணாம்பு வெச்சு அடைக்கணும். பெரிய வேர் சுவரையே பிடிச்சுக்கிட்டு இருந்தா இன்ஜினியர் இல்லாம தொடாதீங்க.

தரை மட்டமும் ஒரு பிரச்சனை. நம்ம ஏரியாவுல ரோடு போடப் போட ஒசந்துக்கிட்டே போயி ஸ்கூல் பள்ளத்துல இருக்கும், மழைத்தண்ணி கேட் வழியா உள்ள வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல இதை எல்லாரும் பாத்தாச்சு. சுவரைச் சுத்தி தண்ணி நிக்காம ஒரு வாய்க்கால் வெட்டி விட்டாலே கீழ்ச்சுவரு ஓதம் பாதி குறையும்.

ஸ்டெப் 7: சிமெண்டைக் கீழ வெய்ங்க

பழைய செங்கல் சுவரு ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளிய விடும். மேல சுண்ணாம்புப் பூச்சு இருந்தா ஈரம் அது வழியா காஞ்சு போயிடும். சிமெண்ட் பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம மேல மேல ஏறும். இங்க கடல் காத்து வேற, காசிமேடு பக்கம்னா சொல்லவே வேணாம், ஈரத்தோட சேர்ந்து உப்பும் ஏறி செங்கல்லுக்குள்ளயே பூத்து, செங்கல் மாவு மாவா உதிரும். வெளிய பாத்தா சிமெண்ட் கெட்டியா இருக்கும், தட்டிப் பாத்தா உள்ள டொக்குனு காலியா கேக்கும். எனாமல், பிளாஸ்டிக் பெயிண்ட், டைல்ஸ் ஒட்டறதும் இதே கதைதான்.

அதனால கீழ் நாலடிக்கு இருக்கற சிமெண்ட் பூச்சை எடுத்துட்டு, சுவரை நல்லா காய விட்டு, சுண்ணாம்பு மணல் பூச்சு பூசுங்க, மேல சுண்ணாம்பு வெள்ளை அடிங்க. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ரெண்டரையிலேர்ந்து மூணு பங்கு மணல்னு வழக்கமா சொல்லுவாங்க, ஆனா பழைய பூச்சுல ஒரு கட்டி எடுத்து லேப்ல குடுத்து என்ன விகிதம்னு பாத்துக்கறது நல்லது. சுண்ணாம்பை குழியில நீத்துப்போட்டு வாரக்கணக்குல ஊற வெக்கணும். பாக்கெட்டுல வர சுண்ணாம்புப் பவுடரைக் கலந்து அன்னிக்கே பூசறேன்னு வர மேஸ்திரியை மரியாதையா அனுப்பி வெச்சுடுங்க. அந்த காலத்துல பழவேற்காடு பக்கத்து சிப்பியை சுட்டு சுண்ணாம்பு எடுத்தாங்க. முட்டை வெள்ளைக்கரு, தயிரெல்லாம் சேர்த்த பளிங்கு மாதிரி மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பெரிய மாளிகைங்களுக்கு, உங்க ஸ்கூல் சுவருக்கு அது தேவைப்படாது, யாராவது முட்டைக்கு பில்லு போட்டா யோசிங்க.

சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரு கம்மி, கூலியும் ஜாஸ்தி. முதல்ல பின்பக்கம் ஒரு சின்ன சுவரைக் குடுத்து, ஒரு மழை தாங்குதான்னு பாத்துட்டு அப்புறம் முழு வேலையும் குடுங்க. வேலை நடக்கும்போது ஈரச் சாக்கு போட்டு நிழல்ல வெக்கணும், சித்திரை வெயில்ல பூசினா வெடிச்சுடும்.

மரக் கதவு ஜன்னலை எடைக்குப் போட்டுட்டு அலுமினியம் மாட்டறவங்களும் இருக்காங்க. மக்கின அடிப்பகுதியை மட்டும் வெட்டி புதுத் தேக்கு ஒட்டுப் போட்டா போதும். மேல இருக்கற சின்ன ஜன்னலை ஏ.சி.க்காக மூடாதீங்க, சூடான காத்து வெளிய போறதே அது வழியாத்தான். ஒயரிங்கை மட்டும் தயவு பார்க்காம முழுசா மாத்துங்க. 2012 ஜனவரியில சேப்பாக்கம் அரண்மனையோட கலச மகால் தீப்பிடிச்சு கூரையே போச்சு, அரசு செலவு பண்ணி அதைத் திரும்ப எழுப்புச்சு. உங்க ஸ்கூலுக்கு அப்படி யாரும் செலவு பண்ண மாட்டாங்க.

ஸ்டெப் 8: சட்டம், லிஸ்ட், பர்மிஷன்

ஹோர்டிங் கேஸ்ல மெட்ராஸ் ஹைகோர்ட் 2010-ல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. நீதிபதி பத்மநாபன் கமிட்டி எடுத்த 467 பாரம்பரிய கட்டிடங்கள் லிஸ்ட் அதுலதான் வருது, அதையொட்டித்தான் சி.எம்.டி.ஏ.வுல (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துல) பாரம்பரிய பாதுகாப்புக் குழுவும் வந்தது. விளம்பரப் பலகை பத்தின கேஸ் இவ்வளவு தூரம் வந்து நின்னுச்சு. உங்க ஸ்கூல் அந்த லிஸ்டுல இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா இடிக்கவோ மாத்திக் கட்டவோ சி.எம்.டி.ஏ. கிட்ட போய்த்தான் ஆகணும். இல்லன்னா ஸ்டெப் 2, 3-ல சேத்ததையெல்லாம் போட்டு, போட்டோ, பிளான், வருஷம், ஏன் முக்கியம்னு பத்து பக்கத்துக்குள்ள ஒரு மனு தயார் பண்ணுங்க. 2012-ல தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்திருக்கு, ஒரு நகல் அந்தப் பக்கமும் போகட்டும்.

நிர்வாகத்துக்குத் தெரியாம மனு போடாதீங்க. லிஸ்டுல வந்துட்டா ஒரு ஆணி கூட அடிக்க முடியாதுன்னு பயந்து லிஸ்டுக்கு முன்னாடியே இடிச்சுத் தள்ற ஆளுங்க இருக்காங்க. ரிப்பேரும் பண்ணலாம், ஸ்கூலும் நடத்தலாம்னு உக்காந்து பேசிப் புரிய வெச்சுட்டு, முடிஞ்சா அவங்க லெட்டர்பேடுலயே அனுப்புங்க.

ஸ்கூலா ஓடணும்னா 1965 பொதுக் கட்டிட உரிமச் சட்டப்படி தாசில்தார் உரிமம், ஸ்திரத்தன்மை சான்று, ஃபயர், சுகாதாரம் எல்லாம் தேதி தவறாம இருக்கணும். இதுல ஒண்ணு காலாவதி ஆனாலும் "பாதுகாப்பு இல்லாத கட்டிடம்"னு எழுதறது ரொம்ப சுலபம்.

ஸ்டெப் 9: காசு, கணக்கு, காலண்டர்

அரசுப் பள்ளின்னா 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியா ஓல்ட் ஸ்டூடண்ட்ஸ் பணம் குடுக்கலாம். எய்டட்னா நிர்வாகத்தோட சேர்ந்து தனி பேங்க் அக்கவுண்ட், ரெண்டு கையெழுத்து, மாசாமாசம் கணக்கு குரூப்ல போடணும். மொத்த பில்டிங்குக்கும் கோடிக்கணக்குல எஸ்டிமேட் போட்டு ஆளுங்களை மிரட்டாதீங்க. மாடி இந்த வருஷம், கீழ்ச்சுவரு அடுத்த வருஷம், ஜன்னல் அதுக்கடுத்ததுன்னு பிரிங்க. "ஒரு ஜன்னல் ஒரு பேட்ச்"னு கேட்டா குடுக்கறாங்க, ஆனா குடுத்தவங்க பேரை சுவருல கிரானைட் போட்டுப் பதிக்கறேன்னு வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, ஒரு நோட்டுல எழுதி வெச்சா போதும்.

பெரிய வேலையெல்லாம் மே லீவுல வெச்சாதான் கிளாஸ் கெடாது, ஆனா சுண்ணாம்புப் பூச்சுக்கு மட்டும் ஜனவரி பிப்ரவரி நல்லது, ரெண்டு ரெண்டு ரூமா காலி பண்ணி செய்யலாம். ஆகஸ்ட் செப்டம்பர்ல மாடி கிளீனிங், தண்ணி வாய் செக், செடி வெட்டு. ஐப்பசி மழை நடக்கும்போதே ஒருத்தர் குடையோட மாடிக்குப் போய் தண்ணி எங்க தேங்குதுன்னு போட்டோ எடுக்கணும், காஞ்ச பிறகு போனா ஒண்ணும் தெரியாது. இதையெல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி, என்ன பொருள், எந்த மேஸ்திரி, எவ்வளவு செலவுன்னு வெய்ங்க, எச்.எம். மாறினாலும் நோட்டு ஆபீஸ் பீரோவுலயே இருக்கட்டும், மாடி சாவி யார்கிட்ட இருக்குங்கறதையும் முதல் பக்கத்துலயே எழுதிடுங்க, அவசரத்துல அது கிடைக்காமதான் பாதி நேரம் போகும்.